கல்லில் ஏறப்போகும் வாக்கியம்

பெல்கரா,
மே 4, ஞாயிறு

அன்புள்ள கெர்ரின்,

நாங்கள் நலம், அப்பாவின் இடது முட்டியைத் தவிர. அது நலமாக இருப்பதாக அவர் சொல்கிறார், மாடிப்படி வேறு மாதிரி சொல்கிறது. அங்கே நார்வேயில் பனி விட்டதா, கம்பளிக் காலுறை போடுகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. இங்கே பிப்ரவரிக்குப் பிறகு மழை என்று ஒன்று பெய்யவில்லை, ஆடுகளுக்குக் கையால்தான் தீனி போடுகிறோம். வழக்கம்போல ஆன்சாக் போர் நினைவு தினத்துக்கு மறுநாளே அப்பா காய்ந்த மண்ணில் கோதுமையை விதைத்துவிட்டார், வானம் பார்த்துக்கொள்ளும் என்கிறார். உனக்கு ஓட்ஸ் பிஸ்கட் ஒரு டப்பா தனியே அனுப்பியிருக்கிறேன், உடைந்து வந்தாலும் தின்றுவிடு.

இதெல்லாம் நான் எழுத உட்கார்ந்த விஷயம் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஆன்சாக் தினத்தன்றும் நினைவு மண்டபத்தில் உன் கட்டுரையைத்தான் படித்தார்கள், பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி மேடையேறிப் படித்தாள். "ஆஸ்திரேலியா என்றால் என்ன" என்று பதினைந்து வயதில் நீ எழுதிப் பரிசு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அதே கட்டுரை. முடிந்ததும் குழுத் தலைவர் பாரி டன்ஸ்டன் எழுந்து, மண்டப வாசலில் புதுக் கல் ஒன்று நிறுத்தப்போகிறோம், அதில் கெர்ரினின் கடைசி வாக்கியத்தைச் செதுக்கி அவள் பெயரையும் போடப்போகிறோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் முதுகைத் தட்டி, "ஜில், பெருமையா இருக்கா?" என்று கேட்டார்கள். நான் தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். உன் தாத்தா ஆல்ஃபும் அவரோடு போருக்குப் போன டாமும் கடைசிவரை தோழர்களாகவே வாழ்ந்தார்கள், அதுதான் ஆஸ்திரேலியா என்கிற அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை, என்னுடையது. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருபத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டைப் அடித்துத் தருகிறேன் என்று உன் கையெழுத்துத் தாளை வாங்கிக்கொண்டவள் நான். கடைசியில் நீ எழுதியிருந்தது இதுதான்: தாத்தாவும் டாம் கார்ட்டரும் நியூகினிப் போர்முனைச் சேற்றில் ஒரே குழியில் படுத்தார்கள், திரும்பி வந்ததும் அரசாங்கம் தாத்தாவுக்கு நிலம் கொடுத்தது, டாம் பழங்குடிக் கறுப்பர் என்பதால் அவர் மனுவுக்குப் பதில்கூட வரவில்லை, தாத்தாவின் நிலத்தில் வேலி போடுகிற கூலி வேலைதான் அவருக்குக் கிடைத்தது. மாமனார் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஊரே மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறது. நம் ஊரில் எதையும் பெரிதுபடுத்த மாட்டோம், கால் ஒடிந்தாலும் லேசான சுளுக்கு என்போம். அந்தப் பழக்கத்தில்தான் அதை எடுத்துவிட்டு என் வாக்கியத்தைப் போட்டேன். மேடையில் ஏற மாட்டேன் என்று நீ காருக்குள் உட்கார்ந்துகொண்டாய். பிள்ளைக்குக் கூச்சம் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு ஏப்ரலில் ஆன்சாக் தினத்துக்கு நீ ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை, ஏன் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். யாரும் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. பாரி காப்பியைக் கலக்கிக்கொண்டே, "விடு ஜில், யாரு எழுதினா என்ன, நல்ல வாக்கியம்தானே? ஊருக்கே மனப்பாடம். இப்பப் போயி எதுக்குக் கிண்டிக் கிளறணும்?" என்றார். உடனே அடுத்த பேச்சு கழிவறைக் கூரைக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "எங்கப்பாவை ஊரு தப்பாப் பேசணுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "வடக்கு வேலி இன்னும் ஒரு கம்பம் சாயலை. டாம் நட்டது" என்றார். மறுநாள் காலையில் கார் சாவியை என் கையில் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

டாமின் மகள் கோரல் ஆன்ட்டி வீட்டுக்குத்தான் போனேன். உனக்குத் தெரியுமே, ஒவ்வொரு வருஷமும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, தேநீர் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறவர். எழுபத்தொன்பது வயது, கண் இன்னும் கூர்மை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "உள்ள வந்து உக்காரு, நாய் கடிக்காது" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும் ஜில். உங்கிட்ட டைப் அடிக்கக் குடுக்கறதுக்கு முந்தின நாளே உன் மக இதோ இந்த நாற்காலியில உக்காந்து எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. எங்கப்பா பேரைப் போடலாமான்னு என்னைக் கேட்டுட்டுத்தான் எழுதிச்சு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் வந்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். "இந்த வருஷமாவது சரியாப் படிப்பாங்களான்னு பாக்கத்தான்" என்றார்.

கெர்ரின், நீ அவரிடம் கேட்டாய். நான் உன்னிடம்கூடக் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதுவது எனக்கு எளிது, அதனால் அதை இங்கே ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். வரும் வழியில் மண்டபத்துக்குள் போய் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பாரி மூன்று தடவை போன் செய்துவிட்டார். உன்னிடமிருந்து பதில் வராமல் உன் பெயரை உளி தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். டப்போ நகரத்திலிருந்து கல் செதுக்குகிறவர் ஜூன் பன்னிரண்டாம் தேதி வருகிறார், அதற்குள் கல்லில் எது வர வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடு, மறந்துவிடாதே. வேண்டாம் என்று எழுதினாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நிறைவாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது. அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார், வாயால் சொல்லவில்லை, பிஸ்கட் டப்பாவுக்கு அவர்தான் கயிறு கட்டினார்.

இத்துடன் உன் கட்டுரையை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அசல் தாள் இத்தனை வருஷமும் என் சமையல் குறிப்புப் புத்தகத்துக்குள் இருந்தது, இப்போது கோரல் ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, நீ செய்த பிழைகளைக்கூட அப்படியே விட்டிருக்கிறேன். சரிபார்த்துக்கொள்.

உன் அம்மா,
ஜில்