ஓட்டை விழாத ஆமணக்கு

அன்புக் கண்ணு தேஜஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், ஆனால் இங்கே நடந்ததைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே கத்தரிக்கு நடுவில் செண்டுமல்லியும் கொத்தமல்லியும், சுற்றிலும் ஆமணக்கும் போட்டிருந்தேன். ஊருக்கு வரும்போது பாப்பா தன் கையாலேயே மருந்து படாத காயைப் பறிக்க வேண்டும் என்று எத்தனை ஆசை எனக்கு. புழுவெல்லாம் ஆமணக்கைத் தின்று சல்லடையாக்கிவிட்டுக் கத்தரியை விட்டுவிட்டது, கொத்தமல்லிப் பூவுக்கு வந்த பொறிவண்டு அசுவினிப் பூச்சியைத் தின்று தீர்த்தது. போன வாரம் உடுமலையில் உன் பெரியம்மா வீட்டுச் சீருக்குப் போய்விட்டு ராத்திரி வந்தேன். விடிந்தும் விடியாமல் ஒரு பை காய் பறித்துப் பக்கத்துத் தோட்டத்து அன்புசெல்விக்குக் கொடுத்தேன், மாசமாக இருக்கிறாள், கத்தரிக்காய் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் வந்த பிறகு கொத்தமல்லி கிள்ளக் குனிந்தால், ஐயோ கண்ணு, மண்ணெல்லாம் பொறிவண்டு குங்குமம் கொட்டின மாதிரி செத்துக் கிடக்கிறது. ஆமணக்கில் ஒரு புழு அசையவில்லை. மோட்டார் ரூமில் எட்டிப் பார்த்தால் மருந்தடிக்கிற டேங்க் ஈரமாக நிற்கிறது.

செருப்புக்கூடப் போடாமல் அன்புசெல்வி வீட்டுக்கு ஓடினேன். அங்கே அந்தக் காயைப் போட்டுக் குழம்பு கொதிக்கிறது. ஏனுங்கம்மா இப்படி ஓடியாறீங்க என்று அவள் கேட்கக் கேட்கவே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழி தோண்டிக் கொட்டினேன். ஒரு வாய்கூட அவள் வைத்திருக்கவில்லை, மாகாளியாத்தாதான் காப்பாற்றினாள்.

அடித்தது வேறு யாருமில்லை, உங்கப்பாவேதான். ஆமணக்கைப் புழு தின்னத்தான் நட்டிருக்கிறோம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், காதில் போட்டுக்கொண்டால்தானே. காலமெல்லாம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்த மனுசன், ஓட்டை என்றாலே ரிஜெக்ட். அத்தன ஓட்டையும் பாத்துக்கிட்டு எப்புடி சும்மா இருக்கறது, பேத்தி வாற நேரத்துல தோட்டம் சுத்தமா இருக்கோணும்னுதான் அடிச்சேன் என்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். பிறகு அவரே அன்புசெல்வியிடம் போய், மருந்தடித்தது தான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

நீயும் போன் பண்ணித் திட்டாதே சாமி. பாப்பா வந்தால் அந்தப் பாத்திப் பக்கம் மட்டும் விட வேண்டாம். புறப்படும்போது அதற்குக் காதை மூடுகிற குல்லாய் எடுத்துவைக்க மறக்காதே. உங்கப்பா இப்போதும் தோட்டத்தில்தான் நிற்கிறார். ஒன்றிலாவது புழு திரும்ப வந்து கடித்த ஓட்டை தெரிகிறதா என்று ஆமணக்குக் கொழுந்தை ஒவ்வொன்றாக, துணியைப் பார்க்கிற மாதிரியே, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார்.

குலம் தழைத்து நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா
சுப்பாத்தாள்
குண்டடம்