உள்ளங்கை அகலச் சிப்

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. உங்க தம்பி பேச்சைக் கேட்டு வாங்கின சர்வர் பிராசஸர் நம்ம மதர்போர்டுல உட்காராது. உள்ளங்கை அகலச் சிப், தீப்பெட்டி அகல இடத்துல எப்படி நுழையும்? நேத்து திருப்பித் திருப்பி வச்சுப் பாத்தீங்களே.

உடனே போர்டை மாத்தக் கிளம்பாதீங்க. அந்தச் சர்வர் சிப் நூறு பேர் வேலையை ஒண்ணா இழுக்கிற சாமான். நீங்க ஒத்தை ஆளா கல்யாண வீடியோ வெட்டி ஒட்டறதுக்கு யானையைக் கட்டித் தீனி போடணுமா? கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கற பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?

மத்தியானம் கடைக்காரர் வருவார். அதைத் திருப்பிக் குடுத்துடுங்க.

பி.கு.: சாதாரண டெஸ்க்டாப் சிப் ஒண்ணு காலையிலேயே மாட்டிட்டேன். பட்டனைத் தட்டினா ஓடும். தம்பி கேட்டா நீங்களே மாட்டினதா சொல்லிக்குங்க, நான் வாயைத் திறக்கமாட்டேன்.