மாமியார் கையில் இருக்கும் நம்பர்

என்னங்க,

கேப்பை அடை ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மல்லாட்டை சட்னிய ஃப்ரிட்ஜ்ல வைக்கல, ஜல்தி சாப்பிட்டுடுங்க.

பத்து நாளா உங்க துப்பாக்கி கேம்ல குறி தப்பாம சுட்டுக்கினு இருந்தீங்களே, அது உங்க கை பழகினதால இல்ல. குறி ஆளைத் தாண்டித் தாண்டிப் போகுதேன்னு, மவுசை நகர்த்தினா குறி எவ்ளோ ஓடணும்ங்கற சென்சிடிவிட்டி நம்பர நான்தான் குறைச்சு வச்சேன். இன்னைக்குக் காலையில பழையபடி ஏத்திட்டேன். இனிமே ஆள் ஒரு பக்கம் நிப்பான், நீங்க சுவத்தைச் சுடுவீங்க.

நாலு மணிக்கு திண்டிவனம் டீமோட மேட்ச்னு தெரியும். நீங்களா மாத்தி மாத்திப் பாத்தா ரெண்டு நாள் ஆகும். சரியான நம்பர் எங்கம்மா கிட்ட இருக்கு. மூணு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல இறங்குறாங்க. "உங்கம்மா ஆட்டோல வரட்டும்"னு நேத்து சொன்ன வாயாலயே, "வாங்க அத்தை"ன்னு கூப்பிட்டுக்கினு வாங்க. போன்ல கேட்டா தர மாட்டாங்க, சொல்லி வச்சிருக்கேன்.

டூட்டிக்குப் போறேன்.
சங்கவி

மறந்துட்டேன்: அந்த நம்பர் உங்க கண்ணாடி பவர்னு அம்மா கிட்ட சொல்லியிருக்கேன். கண்ணு சரியாத் தெரியாது போல, பாவம்னு கையைப் புடிச்சு ரோடு தாண்டி விடுவாங்க. பேசாம கூட நடங்க.