வாசல் வரை போன சேலைகள்

தியாகராய நகர்,
9-9-1973

அன்புத் தம்பி தனபாலனுக்கு அண்ணன் நல்லசிவம் எழுதுவது.

சூரத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அங்கே சாப்பாட்டில் இனிப்புப் போடுகிறார்கள் என்று படித்ததிலிருந்து உன் மதினிக்குக் கவலை. ஊறுகாய் தீர்ந்தால் எழுதச் சொன்னாள். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். அதற்கு மருந்து பனகல் பார்க்கைச் சுற்றி எந்த டாக்டரிடமும் கிடையாது.

காரணம் உனக்குத் தெரியும். நம்மிடம் நாலு வருஷம் சம்பளம் வாங்கிய ஜவஹர் நமக்கு எதிரிலேயே சேலைக்கடை போட்டிருக்கிறான். அவன் கொள்முதலுக்கு ஊரை விட்டுப் போயிருக்கும்போதே அவன் வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லை. நேற்று மத்தியானம் நம் வாசலில் ஏழு ஜோடி. அதில் மூன்று நம் ஆட்களுடையவை.

கட்டடச் சொந்தக்காரர் வந்திருந்தார். பொங்கலோடு ஒப்பந்தம் முடிகிறதாம். தீபாவளி வியாபாரம் சரியில்லையென்றால் சொல்லிவிடுங்கள், ஜவஹர் இந்த இடத்தையும் கேட்கிறான் என்றார். போன தீபாவளிக்கு நான் எடுத்த மாம்பழ மஞ்சள் சேலைகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. இந்தத் தடவையும் தப்பாக எடுத்தால் நம் பெயர்ப் பலகையை நாமே கழற்ற வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில்தான், ஜவஹரும் உன் விடுதியில் தங்கியிருக்கிறான் என்று நீ எழுதியதைப் பார்த்ததும், அவன் எடுப்பதையே இரண்டு மடங்கு எடு என்று தந்தி கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. வருகிறவர்கள் கேட்கும் நிறம், கரை, விலை எல்லாம் நான் எழுதும் நோட்டு பதினொன்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் விரித்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நோட்டில் மஞ்சள் முதலில் வருகிறது, அடுத்ததில் கடைசியில். தலை சுற்றியதுதான் மிச்சம். அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து அவன் கடையிலிருந்து போகிற பைகளை எண்ணினேன். பைக்குள் என்ன நிறம் என்று எப்படித் தெரியும்? சாப்பாடு கொண்டுவந்த உன் மதினி, "நீங்க எதிர்த்த கடையை எண்ணுத நேரத்துல நம்ம கடைக்கு வந்தவங்க நாலு பேரு திரும்பிப் போயிட்டாவ" என்றாள். நான் டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் எண்ணினேன்.

புதன்கிழமை சாந்தோமிலிருந்து ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தார். மஞ்சள் கேட்டார், நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் கையில் எடுத்தது அரக்கு. அதை வெயிலில் பார்க்க வாசலுக்குக் கொண்டுபோனார். யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று, சேலை வாசலைத் தாண்டக் கூடாதென நான் போட்ட சட்டம்தான் உனக்குத் தெரியுமே, மறித்தேன். டியூப் லைட் இருக்கிறதே என்றேன்.

"லைட்ல ஒரு கலர், வெயில்ல ஒரு கலரா கீது. நாளைக்கு சம்பந்தி கேட்டா நீயா வந்து சொல்லப் போறே?" என்று சேலையை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே போய்விட்டார். அங்கே ஜவஹரின் மனைவி தங்கம் ஒரு முனையைப் பிடிக்க, அந்த அம்மா மறுமுனையைப் பிடிக்க, இரண்டு பேரும் நடைபாதையில் நின்று பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் பையோடு கிளம்பிவிட்டார். அரக்குதான்.

அப்போதுதான் உறைத்தது. ஜவஹர் நம்மிடம் இருந்தபோது, வருகிறவர்கள் எல்லாம் அந்தத் தம்பி எங்கே என்று அவனையே கேட்டது பொறுக்காமல், அவனைக் கல்லாப் பக்கத்திலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தினேன். வேண்டாம் அண்ணே என்று நீ அன்றே சொன்னாய். சேலையோடு வெளியே போகிறவர்களை மறிப்பது அவன் வேலை. தினமும் கடை கட்டும்போது, இன்றைக்கு இன்ன இன்ன சேலையை மறித்தேன் அண்ணாச்சி என்று வந்து சொல்வான். உன்னை நிறுத்தியது கதை சொல்ல இல்லை என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அப்புறம் அவன் சொல்லவில்லை. வந்தவர்கள் வாயால் கேட்டதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருந்தேன், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து யாரையும் மறிக்காமல் வாசலில் நிற்கிறேன். மூன்று நாளில் வெளியே போன சேலை இருபத்திரண்டு. பதினேழுக்குப் பில் போட்டோம், மீதி ஐந்தும் திரும்பி வந்தன. வாசலுக்குப் போன மஞ்சள் ஒன்றே ஒன்று. அரக்கும் மயில்கழுத்தும்தான் மற்றவற்றில் பெரும்பாலும்.

மூன்று நாள் பார்த்தது போதாது என்று எனக்கும் தெரியும். முழுதும் தெரியட்டும் என்று இருந்தால் தீபாவளி போய்விடும். ஆகையால் என் பழைய தந்தியை மறந்துவிடு. நிறுத்து என்று இன்று ஒரு தந்தி கொடுத்திருக்கிறேன், அதன் காரணம்தான் இந்தக் கடிதம். நாம் பேசியதில் பாதிச் சரக்கை மட்டும் இந்த இரண்டு நிறத்தில் எடு. மீதிப் பாதிக்கு ஆலைக்காரரிடம் பதினைந்து நாள் அவகாசம் கேட்டு வாங்கு. அதற்குள் வாசலில் நின்று பார்த்து எழுதுகிறேன்.

ஜவஹர் அங்கே என்ன எடுக்கிறான் என்று எனக்கு எழுதாதே. நான் கேட்டாலும் எழுதாதே. கேட்பேன், என் புத்தி எனக்குத் தெரியும். உன் ஊறுகாயில் அவனுக்கும் கொஞ்சம் கொடுக்கச் சொன்னாள் உன் மதினி. நான் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுக்கிற சரக்கும் நீயும் பத்திரமாக வந்து சேரச் செந்தூரான் துணையிருப்பான். ஜவஹர் என்னைப் பற்றி ஏதாவது விசாரித்தால், அண்ணாச்சி இப்போது வாசலில் நிற்கிறார் என்று மட்டும் சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும் அண்ணன்,
நல்லசிவம்