இழுப்பறையில் எடுத்த தாள்

சிவப்புப் பேனா வட்டங்கள் போட்ட உன் தாள் என் மடியில் கிடக்கிறது. ரயில் ஹாலிஎலயைத் தாண்டிவிட்டது, அடுத்தது பதுளைதான். நேற்று கொழும்பில் நெட்வொர்க் செய்முறைப் பரீட்சையை இரண்டாவது தடவையாகச் செய்துவிட்டு ஊருக்கு வந்துகொண்டிருக்கிறேன். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. உன் விஷயத்தில் மட்டும் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதுளை பஜாரில் நீ வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையின் பின்னறை ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய்விடுவோம். இரண்டு பழைய ரவுட்டர்கள், ஒன்று ஓயாமல் இரையும். பயிற்சித் தாளில் தெளிவில்லாத இடங்களை நீ வட்டம் போடுவாய். "சொன்னத மட்டும் செய்யி. வெளங்கலன்னா கேளு" என்பாய். நான் வரிக்கு வரி பொறி தேடுவேன். கேள்வி எழுதிய ஆள் என்னைக் கவிழ்ப்பதற்கென்றே உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று அடித்துச் சொல்வேன்.

"பாண்காரன் மிச்சக் காச எண்ணிக் குடுத்தாலே திருப்பி எண்ணுறவ நீ" என்று சிரிப்பாய்.

முதல் தடவை பரீட்சைக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். விருந்தினர்கள் நெட்வொர்க் வழியாக அலுவலகக் கணினிகளை அடையக்கூடாது என்று ஒரு கேள்வி. அந்த அலுவலகத்தில் ஒரு பிரின்டரும் இருந்தது. அதையும் மறிப்பதா, விடுவதா என்று எழுதவில்லை. இது பொறிதான் என்று நான் எல்லாவற்றையும் மறித்துவிட்டேன். நீ பாஸ், நான் பெயில்.

"கையத் தூக்கிக் கேட்டேன் புள்ள. பிரின்டர விட்ருங்கன்னு பரீட்சைய பாத்துக்கிட்ட சாரே சொன்னாரு" என்றாய்.

நான் நம்பவில்லை. நீயும் நானும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணியிடம் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள். வாய்க்காரி என்ற பெயரோடு அன்று கொழுந்து பறிக்கச் செங்குத்து மலைதான் கிடைக்கும். உன் அம்மாவும் என் அம்மாவும் வாய் திறந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை கொழும்பில் டை கட்டிய ஒருவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாளாம்! கடைக்கு வந்துபோகும் யாரோ உனக்குக் கேள்விகளை முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். ஞாயிறுகளில் வருவதை நிறுத்தினேன்.

"ஏன்டி வர்றதில்ல? நான் ஏதும் தப்பா பேசிட்டேனா?" என்று போனில் கேட்டாய். தலைவலி என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

காய்ச்சல் உன்னை ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. சாவு வீட்டில் உன் அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார். அந்த நேரத்தில் உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். முன்னறையில் நீ பெட்டிக்குள் கிடக்கிறாய், நான் களவாடிய கேள்வித்தாளைத் தேடுகிறேன். கிடைத்தது இந்தப் பயிற்சித் தாள் மட்டும்தான். அப்போதும் மனசு அடங்கவில்லை, வேறெங்கோ ஒளித்திருப்பாய் என்றே நினைத்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நேற்றும் அப்படி ஒரு கேள்வி வந்தது. இரண்டாவது இன்டர்நெட் இணைப்பு எப்போதும் ஓட வேண்டுமா, முதலாவது அறுந்தால் மட்டும் ஓட வேண்டுமா என்று சொல்லவில்லை. இதுவும் பொறி என்றே முதலில் தோன்றியது, உடனே உன் 'வெளங்கலன்னா கேளு' ஞாபகம் வந்தது. பிறகு கையைத் தூக்கினேன். மேற்பார்வையாளர் வந்து, முதலாவது அறுந்தால் மட்டும் என்று சாதாரணமாகச் சொன்னார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே என்று காட்டினார். போன தடவையும் அந்த வரி இருந்திருக்கும். அதிலும் ஏதோ பொறி இருக்கிறது என்று நினைத்து நான்தான் தாண்டிப் போயிருப்பேன்.

நீ பொய் சொல்லவில்லை. இவ்வளவு காலம் கழித்து, ஒரு கையைத் தூக்கித்தான் எனக்கு அது தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லவும் முடியவில்லை.

பதுளையில் இறங்கி ஸ்பிரிங்வெளி பஸ் எடுத்து, நேரே உன் வீட்டுக்குத்தான் போகிறேன். அன்று தேத்தண்ணியோடு உன் அம்மா திரும்பி வந்தபோது இழுப்பறை திறந்தேதான் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பையை என் கையில் கொடுத்தார். இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்க மாட்டார். இழுப்பறையில் எதைத் தேடினேன் என்று நானே சொல்கிறேன்.