காலடித் தடம் இல்லாத வாசல்

கயானி, பின்லாந்து
14 ஜனவரி 1974

என் செல்ல ராய்லிக்கு,

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூடப் போடாதவளுக்கு நானாக எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ரேடியோ விடவில்லை. நீ எழுதிய புதுப் பாட்டை ஓயாமல் போடுகிறார்கள். எங்கள் கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதைத்தான் முணுமுணுக்கிறார்கள்.

“வாசலெல்லாம் வெள்ளைப் பனி,
வந்து போன தடமே இல்லை;
உள்ளே நானும் நீயும் மட்டும்,
ஊருக்கெல்லாம் சேதி இல்லை.”

நேற்று என்னோடு வேலை செய்யும் அய்லி கண்ணடித்தாள். “உன் தங்கச்சி கொடுத்து வச்சவடி. குளிர்காலம் பூரா புருஷனும் பொண்டாட்டியும் வெளியவே வரலையாம்!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பின்னறையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ராய்லி, உன் வீட்டுக்காரர் ஓர்வோ வாரா வாரம் கச்சேரிக்குப் போய் வருகிறவர். அவருடைய காலடித் தடம் வாசலில் இருந்தே தீரும். அப்படியென்றால் அந்தப் பாட்டில் யாருடைய தடம் இல்லை? பனி விழுந்தால் வீட்டில் நிற்காமல் காட்டுக்குள் ஓடுகிறவள் நீ.

உடனே போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். “அவ தூங்குறா ஹில்க்கா” என்றார். நட்டநடுப் பகல்! “கொஞ்சம் எழுப்பி விடுங்களேன்” என்றேன். “எழுதுறவங்க அப்படித்தான். தொந்தரவு பண்ணாதீங்க.” அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். உன் இருமல் எனக்குத் தெரியாதா?

நான் நினைப்பது தப்பென்றால் என்னை நன்றாகத் திட்டி எழுது. உன் திட்டைப் படித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் அக்கா,
ஹில்க்கா

*

லோஹ்யா
21 ஜனவரி 1974

அன்புள்ள சகோதரி ஹில்க்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல். பாட்டு வெறும் பாட்டுதான். மெட்டுக்குப் பொருந்தும் வார்த்தைகளைப் போடுகிறோம், அவ்வளவே. அதற்குள் எதையும் தேட வேண்டாம். ஓர்வோ என்னை மிகவும் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறார். தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார். வேலை அதிகமாக இருப்பதால் இனி போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
ராய்லி

*

லோஹ்யா
3 பிப்ரவரி 1974

அக்கா,

இதை ஸைமி தபாலில் போடுவாள். என் பாட்டுகளைப் பாடுகிற பெண். புதுப் பாட்டைக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். மாடியில் ஓர்வோ அவளுக்கு அக்கார்டியனில் மெட்டை வாசித்துக் காட்டுகிறான். அந்தச் சத்தம் நிற்கும்வரை நான் எழுதலாம்.

நீ சரியாகத்தான் கேட்டாய். முதல் பனி விழுந்ததிலிருந்து என் பூட்ஸும் கோட்டும் அவன் கார் டிக்கியில் இருக்கின்றன. வெளியே போகும்போது போன் ஒயரையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போகிறான். அடுத்த வீடு காட்டுக்கு அந்தப் பக்கம். இடது காது எனக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. ஏன் என்று கேட்காதே.

போலீஸுக்கு எழுதாதே. ஊர்க் காவலர் ஒரு தடவை வந்தார். “உங்க வீட்டுக்காரர் வாசிச்சாத்தான் எங்க வீட்டம்மா ஆடவே எழுந்திருக்கிறா” என்று சொல்லி அவனோடு காபி குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு நடந்ததை எழுத மாட்டேன்.

ஓர்வோவுக்கு மெட்டு மட்டும்தான் காதில் விழும், வார்த்தை விழாது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, “நல்லா இனிக்குதுடி” என்றான். நாடே அதற்கு ஆடுகிறது. நீ ஒருத்தி கேட்பாய் என்றுதான் எழுதினேன்.

வருகிற 23ஆம் தேதி, சனிக்கிழமை, குவோபியோவில் அவனுக்குக் கச்சேரி. ஞாயிறு மதியம்தான் திரும்புவான். வரும் கடிதங்களை அவன்தான் பிரிக்கிறான். அதனால் எனக்குப் பதில் எழுதாதே. தன் பாட்டை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்க்க, சனிக்கிழமை நேயர் விருப்பத்தை மட்டும் தவறாமல் வைப்பான். அதில் ஒரு பாட்டுக் கேள். எனக்குப் புரியும்.

சத்தம் நின்றுவி

*

கயானி
11 பிப்ரவரி 1974

அன்புள்ள ராய்லிக்கும் ஓர்வோவுக்கும்,

என் முந்தைய கடிதத்தை இருவரும் மறந்துவிடுங்கள். மருந்துக்கடைக்காரிக்கு ஆரோக்கியம்கூட நோயாகத்தான் தெரிகிறது. ஓர்வோ, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் தங்கையை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி.

இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. அய்லி உங்கள் இசைத்தட்டை வாங்கிவிட்டாள்.

16ஆம் தேதி நேயர் விருப்பத்தில் உங்கள் இருவருக்காகவும் ‘பால்வண்டிக்காரன்’ கேட்டிருக்கிறேன். பழங்காலத்துப் பாட்டு, ஓர்வோவுக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை, இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
ஹில்க்கா

*

எஸ்கில்ஸ்டுனா, ஸ்வீடன்
10 மார்ச் 1974

என் அக்காவுக்கு,

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. பாதிப்பேர் நம் நாட்டுக்காரிகள்தான். இரவில் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

காரிலும் கப்பலிலும் நான் வாயே திறக்கவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். இப்போது சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை ரேடியோவில் உன் பெயரைச் சொன்னார்கள். “உங்க அக்காவுக்கு ரசனைங்கறதே கிடையாது” என்று ஓர்வோ சிரித்தான். “விடியும் முன்னே வண்டி வரும், கொல்லைப் பக்கம் நில்லடி” என்று பாட்டு வந்ததும் நான் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் சுரத்துக்கு விரலால் தாளம் போட்டான். கடைசி அடிவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு வாரம் அவன் குவோபியோவுக்குப் போகவில்லை, எங்கேயோ மரத்துக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான் என்றே நினைத்தேன். கம்பளிக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்றேன். கார் விளக்கு தெரிந்தது. நீ “ராய்லி, ராய்லி” என்று கூப்பிட்டாய். ஆனாலும் நான் வெளியே வரவில்லை. உன் குரலில் அவன்தான் கூப்பிடுகிறான் என்று தோன்றியது. நீ அழ ஆரம்பித்த பிறகுதான் நம்பினேன்.

என் முகவரியை யாருக்கும் சொல்லாதே. அய்லிக்கும்கூட.

உன் ராய்லி

*

கயானி
24 ஏப்ரல் 1974

கண்ணே ராய்லி,

பயப்படாமல் படி. நான் நன்றாக இருக்கிறேன். ஓர்வோ நேற்று கடைக்கு வந்தான்.

கூட்டமான நேரம் பார்த்துத்தான் வந்தான். நல்ல கோட்டு, சிரித்த முகம். அய்லிகூடக் கையெழுத்து வாங்க ஓடினாள். போட்டுக் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

“தலைவலி மாத்திரை குடுங்க ஹில்க்கா. ராத்திரியெல்லாம் பாட்டுக் கேக்குறேன்.”

“என்ன பாட்டு?”

“என் பொண்டாட்டி எழுதின பாட்டுங்கதான். இத்தனை வருஷம் வார்த்தையைக் கவனிக்காமலே வாசிச்சுட்டேன். இப்ப ஒவ்வொண்ணா உக்காந்து கேக்குறேன். எல்லாத்துலயும் நான்தான் இருக்கேன், இல்ல?”

நான் மாத்திரையை எடுத்து வைத்தேன்.

“அவ எங்கன்னு கேக்க வரல. நீங்க சொல்ல மாட்டீங்க. கடிதாசியைக் கொண்டுபோனது யாருன்னு மட்டும் யோசிச்சேன். வீட்டுக்கு வர்ற ஆளுங்க ரொம்பக் கம்மி, பாருங்க.” காசை எண்ணி வைத்தான். “கண்டுபிடிச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஸைமிக்கு எழுதினேன். பதில் இல்லை. கச்சேரி ஒப்பந்தம் இன்னும் அவனோடுதானே இருக்கிறது அவளுக்கு? உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் அக்கா

*

எஸ்கில்ஸ்டுனா
12 மே 1974

அக்கா,

தெரியும். இன்று மதியம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர் ரேடியோவில் நம் மொழிப் பாட்டு கொஞ்ச நேரம் போடுவார்கள். விடுதிச் சமையலறையில் எல்லோரும் சேர்ந்து கேட்போம். ஸைமியின் புது இசைத்தட்டு என்றார்கள். பிப்ரவரியில் அவள் கற்றுக்கொள்ள வந்த அதே பாட்டு. நான் எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும். இரண்டாம் சரணத்தில், “கையுறையைக் கழற்றிவிட்டு உன்னோடு ஆடினேன்” என்று எழுதியிருந்தேன். அவள், “கையுறையைக் கழற்றாமல் உன்னோடு ஆடினேன்” என்று பாடுகிறாள். மே மாதத்து நடனப் பாட்டில்!

பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், “அந்தப் பொண்ணோட அவசரத்தைப் பாரேன்!” என்று சிரித்தாள். ஒரு வசந்தத்தில் நானும் அப்படித்தான் விருந்து முழுக்கக் கையுறையோடு இருந்தேன். அவன் ஒடித்த என் விரல்களைக் கப்பலில் நீ பார்த்தாயே.

வாய் தவறிப் பாடியிருப்பாள் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். உனக்கும் சொல்லத் தோன்றும். சொல்லாதே. அவள் தப்பாகப் பாடுகிறவள் இல்லை. அவன் இப்போது வார்த்தைகளையும் கேட்கிறான். அது தெரிந்தும், ஒலிப்பதிவு அறையில் அவன் கண்ணெதிரே நின்று அந்த ஒரு வார்த்தையை மாற்றிப் பாடியிருக்கிறாள். எனக்காகத்தான் பாடியிருக்கிறாள். வேறு யாருக்கு அது புரியும்?

சனிக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். துர்க்கு துறைமுகத்தில் காரோடு நில். முடியாவிட்டால் ஸைமியிடம் பஸ்ஸிலேயே போய்க்கொள்வேன். அவனைப் பற்றி இனி காவலரிடம் நானே பேசுவேன், இந்த விரல்களைக் காட்டிப் பேசுவேன். அந்த ஊர்க் காவலர் கேட்காவிட்டால் ஹெல்சிங்கிக்குப் போவேன்.

பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். போகாதே என்று மட்டும் எழுதாதே அக்கா. அந்தக் கடிதம் இங்கே வந்து சேரும்போது என் அறை காலியாக இருக்கும்.

உன் ராய்லி