பாடத்தில் போன் இருந்தவரை

புதன்கிழமை, இரவு

என் வகுப்பிலேயே புதுமுறைகளைச் செய்து பார்க்கும் செயல்நிலை ஆய்வின் இரண்டாம் சுழற்சி இன்று முடிந்தது. முதல் சுழற்சியில் வாய்விட்டு வாசிக்கப் பயந்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது தாங்களாகவே கை தூக்குகிறார்கள். இந்த முறை வர்ண அட்டைகள் கொடுத்தேன். பாடங்களைப் பதிவு செய்ய மேசையில் போனையும் வைத்தேன். முன்னேற்றத்துக்குக் காரணம் அட்டைகள்தான் என்று அறிக்கையிலும் எழுதிவிட்டேன்.

இனிப் பதிவு இல்லை என்று சொல்லிப் போனைப் பையில் போட்டபோது, வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் தர்ஷினி எழுந்தாள்.

“டீச்சர், நாளைக்கும் போனை வைங்க.”

“ஏன்?”

“போன் இருந்தா நீங்க ஏச மாட்டீங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

“நான் அவ்வளவு ஏசுறேனா?” என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்ல டீச்சர், கொஞ்சந்தான்” என்றாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

வீட்டுக்கு வந்து பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். போன் இல்லாத நாள்களில் அவ்வளவு பொறுமையான குரலில் நான் வகுப்பில் பேசியதே இல்லை. அட்டைகளைப் பற்றிய வரியை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரியும். ஆய்வு மேற்பார்வையாளர் வாசிப்பாரே என்று கூசுகிறது. இன்னும் எழுதவில்லை.